மதினியின் செப்புப் பாய்லர்

தண்ணீர் காய்கிற சத்தம் வேறு, வெறும் செம்பு காய்கிற சத்தம் வேறு. இந்த வித்தியாசத்தை நான் தெரிந்துகொண்டது குளிப்பறையில், உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில்.

தலைப்பிரசவத்துக்குப் போடியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளை பிறந்த பிறகு எனக்கு அதுதான் முதல் தலைக்குளியல். ஐப்பசி மாதம். மலையிலிருந்து இறங்குகிற காற்று பச்சை உடம்பில் படக்கூடாது என்று அம்மா தகரக் கதவைச் சாத்தி, உள்பக்கம் கொக்கி போடச் சொல்லி, வெளியே சாக்குப் படுதாவும் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே பாதி இருட்டு. நொச்சி இலை போட்ட அண்டா ஒரு மூலையில் தண்ணீரில்லாமல் நின்றது. வெந்நீர் வந்ததும் அதில் பிடித்துக் குளிக்க வேண்டும்.

பாய்லர் இருந்தது சுவருக்கு அந்தப் பக்கம், கூரை இறக்கிய சாய்ப்பில். அதன் குழாய் மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு என் தோள் உயரத்துக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தீ பிடித்துக் கொஞ்ச நேரம் ஆனால் பாய்லர் லேசாக முனகத் தொடங்கும். தூங்கி எழுந்திருக்க மனமில்லாத ஆள் முனகுகிற மாதிரி இருக்கும் அது.

அன்று முனகவில்லை. டிக், டிக் என்று தெறித்தது. உச்சி வெயிலில் தகரக் கூரை தெறிக்குமே, அந்தச் சத்தம். கூடவே புளி கருகுகிற வாசனை.

கையை நீட்டிக் குழாயைத் திறந்தேன். விரல் பொரிந்துபோனது. தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. அடுப்பு வாயில் முகத்தைக் கொண்டுபோனால் அடிக்கிற அனல் மட்டும் வந்தது. எழுந்திருக்கலாம் என்றால் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் விறகு முறிகிற சத்தம்தான் பதிலாக வந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் என் மதினி மரகதத்தை மலைக்கே திருப்பி அனுப்பிவிடுவது என்று எங்கள் வீட்டில் முடிவானது. காரணம் அந்தப் பாய்லர். ஒரு பானைத் தண்ணீரால் ஒரு குடும்பம் பிரியுமா என்று கேட்பவர்கள் எங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை.

ஜீப்பில் இறங்கிய சீர்

அண்ணன் பாண்டிக்கு ஜீப்பு ஓட்டுவதுதான் சோலி. விடிவதற்கு முன்னால் போடியில் ஆள் ஏற்றி, வளைவு வளைவாகப் போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு வருவான். உட்கார இடமில்லாதவர்கள் பின்னால் தொங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப் போய்வந்த ஏதோ ஒரு நாளில், ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு வெளியே நின்றிருந்த மரகதத்தைப் பார்த்துவிட்டான். பிறகு அவன் ஜீப்பு அந்தத் தோட்டத்துப் பக்கம் அடிக்கடி ரிப்பேராகி நிற்கத் தொடங்கியது.

எங்கள் அம்மாவோ தன் தம்பி மகளை அவனுக்கென்று பிறந்த நாளிலேயே பேசி வைத்திருந்தாள். அப்பா இல்லாத வீட்டைக் காடுகரையோடு கட்டிக்காத்தவள். ஒரு சொல் சொன்னால் மாடும் கேட்கும், மகனும் கேட்பான் என்று நம்பியிருந்தாள். மாடு கேட்டது.

கல்யாணம் நடந்தது. அம்மா பந்தலில் நின்றாளே ஒழிய, சம்பந்தியை முறை சொல்லிக் கூப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் மருமகளின் அப்பாவை அண்ணே என்பது வழக்கம். அம்மா அவரிடம் பேச வேண்டியிருந்தால் தூணைப் பார்த்துப் பேசுவாள்.

மதினியின் அப்பா வேலுச்சாமி, அந்த ஏலக்காய்க் கட்டடத்தில் தீ போடுகிறவர். பச்சைக் காய் கருகாமல் காய்வதற்கு ராவும் பகலும் ஒரே சீராக அனல் கொடுக்க வேண்டும். அந்த மனிதர் மகளுக்குச் சீராகக் கொடுத்தது ஒரு செப்புப் பாய்லர். மலையில் குளிரும் சாரலுமாகக் கிடக்கிற ஊரில் வெந்நீர் பாய்லர்தான் பெரிய சீர் என்று நினைத்திருக்கிறார். சாக்கைச் சுற்றி, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நிறுத்தி, கொண்டையூசி வளைவுகளில் அவரே கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் சாக்கை உரித்தபோது தெருவே செம்பு நிறத்தில் மின்னியது. பாய்லரில் ஏலக்காய் மணம் பல நாள் போகவில்லை.

போடியில் அடிக்கிற வெயிலுக்கு வெந்நீர்ச் சட்டி எதுக்கு என்று அம்மா தூணிடம் கேட்டாள்.

பாய்லரைப் பார்த்தே இராதவர்களுக்காக ஒரு வார்த்தை. இடுப்பு உயரச் செப்பு உருளை. நட்ட நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழல். அந்தக் குழலுக்குள்தான் தீ. குழலைச் சுற்றித் தண்ணீர். அடியில் இரும்புச் சல்லடைத் தட்டு, சாம்பல் விழ. மேலே மூடி, பக்கத்தில் குழாய். செம்பையும் செம்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப் பற்று. தண்ணீர் உள்ளே இருக்கிற வரைக்கும் எவ்வளவு தீ போட்டாலும் அந்த ஈயம் அசையாது. தண்ணீர் இல்லாவிட்டால் மெழுகாக உருகிவிடும்.

பாய்லருக்கு வைத்தியம்

இப்போது என் குளியலறைச் சுவரில் வெள்ளையாக ஒரு கரண்ட்டு கீசர் தொங்குகிறது. அதற்கும் வருஷம் ஒருமுறை ஆள் கூப்பிட்டு, அடியில் திறந்து, சேர்ந்திருக்கிற உப்பை வழித்துப் போடச் சொல்கிறேன். வருகிற பையன் கல் கல்லாக எடுத்துத் தரையில் போடுவான். பக்கத்து வீட்டுக்காரி இதையெல்லாம் செய்வதில்லை. அவள் வீட்டில் இது மூன்றாவது கீசர். நான் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் கிழவிக்கு வேறு வேலை இல்லை என்பாள்.

இந்தப் புத்தி எனக்கு மதினியிடமிருந்து வந்தது.

மலையில் ஊற்றுத் தண்ணீர். எத்தனை வருஷம் காய்ச்சினாலும் பாத்திரத்தில் பொருக்குப் பிடிக்காது. போடியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரோ பருப்பே வேகாத உப்புத் தண்ணீர். மதினி வந்து இரண்டு மாதம் ஆகியிருக்காது. ஒரு நாள் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தவள், முகம் வாடிப்போய் வெளியே வந்தாள். உள்ளங்கையில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு. அப்பா கட்டிப் பிடித்துக்கொண்டு வந்த பாய்லர், இந்தத் தண்ணீரில் செத்துப் போய்விடும் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

அதன் பிறகு அந்தப் பாய்லருக்கு அவள் செய்த பணிவிடை கொஞ்சநஞ்சமல்ல. தினமும் சாம்பலைத் தட்டுவாள். சாம்பல் மண்டினால் சல்லடை வெந்து ஓட்டையாகிவிடுமாம். ஈர விறகு போட விடமாட்டாள். சிரட்டை போட்டால் தீ ஏறுகிறது என்று அளந்து போடுவாள். வாரம் ஒருமுறை குழாயைத் திறந்து அடித்தண்ணீரைக் கலங்கலோடு வெளியேற்றுவாள். மாதம் ஒருமுறை புளியைக் கரைத்து உள்ளே ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் கழுவி எடுப்பாள். அன்று முழுக்கச் சாய்ப்பில் ரசம் வைத்த வாசனை அடிக்கும்.

அம்மா எத்தனையோ வருஷமாகக் கரிபிடித்த அண்டாவில் வெந்நீர் போட்டவள். அதற்கு வைத்தியம் ஏது, வாகடம் ஏது. மருமகள் பாய்லருக்குப் புளி கரைக்கிறதைப் பார்த்து, இந்த வீட்டில் இனிமேல் பாய்லர்தான் மூத்த மாமியார், நான் இளையவள் என்று சொல்லிக் காட்டுவாள்.

மதினி பதில் பேசமாட்டாள். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டதற்கும் ஒரு காரணம் உண்டு. மலைத்தோட்டத்தில் மலையாளிகளோடு வளர்ந்தவள். வந்த புதிதில் தாகத்துக்கு வெள்ளம் கேட்டுவிட்டாள். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் கொட்டகுடி ஆற்றில் மாடு கன்றோடு வருகிறது, அதை எப்படிச் செம்பில் கொடுப்பது என்றாள். அன்றிலிருந்து மதினி ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள்ளேயே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்ச் சொல்லாக மாற்றித்தான் வெளியே விடுவாள். அதனால் அவள் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சின்ன மௌனம் இருக்கும். அந்த மௌனத்தை அம்மா திமிர் என்றாள்.

நான் பிரசவத்துக்கு வருவதற்குள் சங்கதி முற்றியிருந்தது. இன்னும் ஒரு குற்றம் கண்டால் ஜீப்பில் ஏற்றி மலைக்கே அனுப்பிவிடுவேன் என்று அம்மா அண்ணனிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். அம்மா சும்மா மிரட்டுகிறவள் இல்லை.

பாய்லரைப் பற்றி வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். திரும்ப ஈயம் வைத்து, அது எண்பதுகளின் கடைசிவரை உழைத்தது. கவலை மதினியைப் பற்றித்தான்.

கொட்டத்திலிருந்து வந்த சொல்

என் குளியலுக்காக முதல் நாள் சாயங்காலமே மதினி பாய்லரில் புளித்தண்ணீரை ஊறப் போட்டிருந்தாள். பிள்ளை பெற்றவள் குளிக்கிற தண்ணீரில் பொருக்கு வரக்கூடாது என்று அவளுக்கு.

விடிந்தபோது அவள் வீட்டுக்குத் தூரம்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மாதாந்திர நாட்களில் பெண்கள் கொல்லைப்புறத்து மாட்டுக் கொட்டத்தின் ஓரத்தில்தான் பாயைப் போட்டுக்கொள்ள வேண்டும். பாத்திரத்தைத் தொடக்கூடாது, அடுப்பைத் தொடக்கூடாது. பச்சைப் பிள்ளை இருக்கிற வீடென்றால் இன்னும் மோசம். தூரமானவள் காற்று பட்டால் பிள்ளைக்குச் சீர் தட்டி உடம்பு முடியாமல் போகும் என்பார்கள். எனக்கு இதெல்லாம் அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. ஆனால் அந்த வீட்டில் அது சட்டம்.

அதனால் பாய்லரைப் பற்றவைக்கிற வேலை அம்மாவுக்கு வந்தது. அம்மா அதுவரை அதைத் தொட்டதே இல்லை. கொல்லையின் நடுவில் நின்றுகொண்டு, என்ன செய்யணும் என்று கேட்டாள். மதினி கொட்டத்திலிருந்து பதில் சொன்னாள். வயிற்று வலி, கூச்சம், தூரத்திலிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசரம். வழக்கமாக இருக்கும் அந்தச் சின்ன மௌனம் அன்று இல்லை.

"புளித்தண்ணியத் தொறந்து விட்டுருங்க அத்தே. பெறகு வெள்ளம் ஒழிச்சிட்டுத் தீயப் போடுங்க."

உள்ளறை ஜன்னலோரம் பிள்ளையோடு படுத்திருந்த என் காதிலும் அது தெளிவாக விழுந்தது.

வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது அதற்குள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒழிப்பதும் தெரிந்ததுதான். கழுவப் போடுகிற பாத்திரத்தை ஒழித்துப் போடு என்போம். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுக் காலியாக்கு என்று அர்த்தம். தண்ணீரைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டுத் தீ போடச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம். அம்மாவுக்கும் அது சரியாகவே பட்டிருக்கிறது. புதுத் தோசைக்கல்லைப் பழக்கும்போது வெறும் கல்லைக் காயவிட்டு, அப்புறம்தானே தண்ணீர் தெளிப்போம். புளி போட்டு விளக்கின பாய்லரையும் அப்படிக் காயவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றணும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

மருமகள் பேச்சை அம்மா அதுவரை கேட்டதே இல்லை. மகளுக்குச் செய்கிற காரியம் என்பதால் அன்று கேட்டாள். புளித்தண்ணீரை வடித்தாள். சிரட்டையால் அடியில் கிடந்த மிச்சம் மீதியையும் கோரிக் கொட்டினாள். அதோடு விடாமல், துணியைக் கையில் சுற்றி உள்ளே துடைத்தும் எடுத்தாள். பிறகு விறகை வைத்துப் பற்றவைத்துவிட்டு என்னைக் குளிப்பறையில் கொண்டு உட்காரவைத்தாள்.

குடத்தோடு நின்ற அம்மா

டிக், டிக் சத்தம் கொட்டம் வரைக்கும் கேட்டிருக்கிறது. அதைவிடப் புளி கருகுகிற வாசனை முன்னால் போயிருக்கிறது.

மதினி குரல் கொடுப்பது எனக்குக் கேட்டது. முதலில் அத்தே என்று மெதுவாக. பிறகு அத்தே, தீயை எடுங்க என்று சத்தமாக. இதோ ஆச்சு என்றாள் அம்மா. தொட்டியில் குடம் முங்குகிற சத்தம் கேட்டது. பாய்லர் நன்றாகக் காய்ந்துவிட்டது, இனித் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான் என்று அம்மா குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பாய்லர் பக்கத்தில் கிடந்த கல்லில் அவள் ஏறுவது, கல் ஆடிய சத்தத்தில் தெரிந்தது.

"ஊத்தாதீங்க அத்தே. வெடிச்சிரும்."

"அங்கயே நில்லு. பச்சப்புள்ளக்காரி உள்ள இருக்கா."

அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. தூரமானவள் கொல்லையைத் தாண்டி வருகிறாள் என்கிற திகைப்புதான் இருந்தது. மூடியைத் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. என் தோளுக்கு நேராகக் குழாய் திறந்தபடியே இருந்தது. அதை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெறுங்கால்கள் ஓடிவந்தன. வளையல்கள் உடைந்தன. கொழாய விட்டுத் தள்ளிப் படுங்க தாயி என்று மதினி கத்தினாள். அவள் என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான். மணைக்கட்டையிலிருந்து அப்படியே ஈரத் தரையில் சரிந்தேன்.

குடம் கல்லில் விழுந்து உருண்டது. அதிலிருந்து ஒரு கையளவுத் தண்ணீர் பாய்லருக்குள் போயிருக்கலாம். அதற்கே குழாயிலிருந்து சீறிக்கொண்டு ஆவி பாய்ந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே போய் எதிர்ச் சுவரில் அடித்தது. சுண்ணாம்பு பெயர்ந்து என் முதுகில் விழுந்தது. அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் செம்பு பிளக்கிற சத்தம், துணி கிழிகிற மாதிரி நீளமாகக் கேட்டது.

முழுக் குடமும் உள்ளே போயிருந்தால் நான் இந்தத் தொடரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பாய்லர் வாய்க்கு மேலே குனிந்து நின்ற அம்மாவின் முகம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு இன்றும் முடிவதில்லை.

ஊர்ந்துபோய்க் கொக்கியை எடுத்துவிட்டேன். சாய்ப்பு முழுக்கச் சாம்பல் புகை. மதினி சல்லடைத் தட்டைத் தீயோடு வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டிருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, தள்ளிப்போய் நின்றாள். உருகின ஈயம் சாம்பலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா தன் மணிக்கட்டையே பார்த்தாள். அந்த இடத்தைத்தான் மதினி பிடித்திருந்தாள்.

ஒரே சொல், இரண்டு பேர்

என்னைப் போர்த்திப் படுக்கவைத்துவிட்டு, அம்மா கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில் தலை முழுகிவிட்டு வந்தாள். ஈரத் தலையோடு கொல்லையில் நின்று விசாரணையை ஆரம்பித்தாள்.

அதில் ஒரு கொடுமை என்னவென்றால், என்ன சொல்லப்பட்டது என்பதில் இரண்டு பேருக்கும் தகராறே இல்லை. வெள்ளம் ஒழிச்சிட்டுத் தீ போடு என்று சொன்னாயா இல்லையா என்று அம்மா கேட்டாள். மதினி தலையாட்டினாள்.

"ஒழிக்கத்தான் அத்தே சொன்னேன். நீங்க ஒழிக்காம விட்டுட்டீங்களே."

"சொட்டு இல்லாம ஒழிச்சு, தொடச்சும் வச்சேன்டி. எம்புள்ளயக் கொல்லப் பாத்துட்டு எம்மேல பழி போடுறியா?"

அம்மா வேண்டுமென்றே பொய் சொல்கிறாள் என்று மதினி நினைத்திருக்க வேண்டும். அம்மாவோ, அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று ஜன்னலில் இருந்த என் பக்கம் திரும்பினாள். நீயும் கேட்டேல்ல என்றாள். கேட்டேன் என்றேன். காதில் விழுந்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் கொல்ல நினைத்தவள் எதற்கு ஓடிவந்து கையைப் பிடித்தாள் என்றும் கேட்டேன். மாட்டிக்குவோம்னு பயம் வந்துருக்கும் என்றாள் அம்மா.

அடுத்து மேலே போகிற ஜீப்பில் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். வரும்போது மாமனாரைக் கையோடு கூட்டிவர வேண்டும். அவர் மகளை அழைத்துக்கொண்டு இன்றைக்கே திரும்பிவிட வேண்டும்.

கொட்டத்தில் மதினி வெந்த கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதையும் அம்மா கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இலையில் காய்ந்த கை

மத்தியானம் தாண்டி ஜீப்பு வந்தது. வேலுச்சாமி மாமா சாய்ப்புக்குப் போய்ப் பாய்லரைப் பார்த்தார். பிளந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கொட்டத்துப் பக்கம் தூரத்தில் நின்று மகளைப் பார்த்தார். என்னமோ தாழ்ந்த குரலில் கேட்டார். அவளும் என்னமோ சொன்னாள். திரும்பி வந்து, எம்புள்ள அப்படிச் செய்யாது தாயி என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் வாசலில் ஜீப்பின் மட்கார்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்க்காமல் இருந்தான். மரகதம் போனால் நானும் அதே ஜீப்பில் போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். போ என்று சொல்லிவிட்டாள் அம்மா. அவள் வாய்தான் சொன்னது.

எவ்வளவு பகை இருந்தாலும், வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா இலையைப் போட்டாள். அவரும் மறுக்காமல் உட்கார்ந்தார். மறுத்தால் அது மகளின் தலையில்தான் விடியும் என்று தெரிந்த மனிதர். குழம்பு முடிந்தது. ரசம் முடிந்தது. நான் உள்ளறை வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

கடைசிச் சோற்றைப் போட்டுவிட்டு, அம்மா மோர்ச் சட்டியோடு வந்து நின்றாள். அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"மோரு ஒழிங்க தாயி."

அம்மாவின் முகம் கறுத்தது. என் வீட்டு மோரைக் கொட்டிவிடச் சொல்கிறாயா என்கிற மாதிரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள். சட்டியில் இருந்த மோர் அத்தனையையும் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தாள். வெறும் சட்டியோடு திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"ஒழிச்சாச்சு. போதுமா?"

மாமா சட்டியைப் பார்த்தார். தன் சோற்றைப் பார்த்தார். மறுபடி சட்டியைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று தெரியாத முகம்.

"இல்ல தாயி. சோத்துல ஒழிக்கச் சொன்னேன்."

"சோத்துல எப்படி ஒழிக்கிறது?"

அவருடைய எச்சில் கை இலையில் இருந்தது. இடது கையைத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டியைப் பிடித்து, சோற்றின் மேல் மெதுவாகச் சாய்த்துக் காட்டினார்.

அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது கீழே இறங்கிய பிறகும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கறுப்பு இறங்கி, வேறு ஏதோ ஏறுவது எனக்குத் தெரிந்தது. எனக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்தது. மலைப் பேச்சில் ஒழிப்பது என்றால் ஊற்றுவது.

அவள் மோர்ச் சட்டியைத் தரையில் வைத்தாள். கொல்லைக்கு நடந்தாள். நடுக்கொல்லையில் நிற்கவில்லை. கொட்டத்துக்குள்ளேயே போனாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

"காலையில பாய்லர்ல என்ன செய்யச் சொன்ன?"

மதினி எழுந்து நின்றாள். சொல்வதற்கு முன்னால் அவளுடைய அந்தச் சின்ன மௌனம் வந்தது.

"வெள்ளம் ஒழிக்க அத்தே."

"வாயால வேணாம். கையால காட்டு."

மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. வெந்த கையைத் தலைப்பிலிருந்து எடுத்தாள். இரண்டு கையாலும் ஒரு குடத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கி, பாய்லரின் வாய் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுபோய், சாய்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளமாக இருந்தது. விரல்களை முழுக்க மடக்க முடியவில்லை.

அம்மா அந்தக் கையைப் பிடித்தாள். தூரமான மருமகளின் கையை, பட்டப்பகலில், மாட்டுக் கொட்டத்தில் நின்றுகொண்டு பிடித்தாள். மதினி பதறிப் பின்னால் இழுத்தாள். அம்மா விடவில்லை. முந்தானையால் அந்தக் கையில் இருந்த சாம்பலை ஒத்தி ஒத்தி எடுத்தாள். மன்னிப்பு என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. என்னைக் கூப்பிட்டு, வெரசா தேங்காயெண்ணெய் கொண்டா என்றாள். அந்தக் கொப்புளத்தில் எண்ணெய் தடவி முடிக்கிறவரை அவள் நிமிரவே இல்லை.

உள்ளே மாமா இன்னும் இலை முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். கடைசிச் சோறு அப்படியே இருந்தது. கை காய்ந்துபோயிருந்தது. மகளை அழைத்துக்கொண்டு போக வந்தவருக்கு, எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அம்மா வந்ததும், சரி தாயி, பொழுதோட ஏறணும், கெளம்புறோம் என்று இலையை மடிக்கப் போனார்.

வாசலில் இருந்த அண்ணனைப் பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு மோர் வாங்கி வரச் சொல்லிவிட்டு, அம்மா தூணைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"உக்காருங்கண்ணே. இன்னும் மோரு ஒழிக்கல."